எட்டு டம்ளர் தண்ணீர்

“ஏங்க, வாசல் பாத்ரூமுக்கு யாரு போனது?”

ஆனந்தவள்ளி பினாயில் பாட்டிலும் கையுமாக வந்து நின்றாள். கரும்பலகையில் சிறுநீரகம் வரைந்துகொண்டிருந்த நவநீதனுக்குக் கை நின்றுவிட்டது.

உறையூரில் அவர் வீட்டுக் கார் ஷெட்டில் தினமும் ஐந்தரைக்கு மாலை வகுப்பு. பின்தெருத் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலிருந்து பதினோரு பிள்ளைகள் வருவார்கள். கார் பாவம், தெருவில் நிற்கும். அதையே பெரிய தியாகமாகக் கல்லூரி மேடையில் இரண்டு தரம் சொல்லிக்கொண்டார். சாதி ஒழிப்பை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். பெண்டாட்டி முன்னால் மட்டும் அந்தப் பட்டம் செல்லாது.

அன்றைய பாடம் ஆரோக்கியம். “எட்டு டம்ளர் தண்ணி குடிக்கணும்” என்று அவர் முழங்கியபோது ஏழாம் வகுப்பு இளவேனில் கையைத் தூக்கினாள். நீர்க்கடுப்பில் இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு வந்திருந்தாள்.

“குடிச்சா எங்க சார் போறது? ஸ்கூல் பாத்ரூம்ல தண்ணி வராது. இங்க ஏழரை வரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கோம்.”

இரண்டு வருஷமாக நடக்கிற வகுப்பு. பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு வரும் என்று பேராசிரியருக்குத் தோன்றவே இல்லை. அடேயப்பா, என்ன படிப்பு! வெட்கத்தோடு வாசல் பாத்ரூமைக் காட்டி, “போயிட்டு வாம்மா” என்றார். அவள் போய் வந்து ஆசையாக இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அதற்குள் மூக்கில் வேர்த்தாற்போல் ஆனந்தவள்ளி வந்துவிட்டாள்.

“கேக்குறேன்ல? விருந்தாளிங்க வந்து போற எடம் அது.”

உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். முந்நூறு பக்கம் ஆய்வேடு எழுதிய மனுஷனுக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

“சின்னப் பிள்ளைங்க, தெரியாம போயிருக்கும். விடு வள்ளி.”

சொன்ன மாத்திரத்தில் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வந்து என்ன புண்ணியம்?

இளவேனில் எழுந்தாள்.

“தெரியாம போகல மேடம். சார் போகச் சொன்னாரு, நான்தான் போனேன்.” நோட்டைப் பையில் வைத்தாள். “எங்கம்மா சத்திரம் பஸ் ஸ்டாண்டுல கக்கூஸ் கழுவுறாங்க. யாரு போனதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.”

அவள் பின்னாலேயே மற்ற பத்துப் பேரும் கிளம்பினார்கள். நவநீதன் கேட் வரை ஓடினார்.

“நில்லும்மா! நாளைக்கு வருவீங்கல்ல?”

“மொதல்ல மேடம்கிட்ட நீங்க உண்மையச் சொல்லுங்க சார். அப்புறம் வரோம்.”

பேராசிரியர் நல்ல மாணவனாகத் தலையாட்டினார். வீட்டுக்குள் போகத்தான் கால் வரவில்லை.