ஐஸ் பெட்டிக்குள் வெயில்

2025 மார்கழி (டிசம்பர்) 14, ஞாயிற்றுக்கிழமை. அன்று வெளிவந்த செய்தித்தாள் ஒன்று, வங்காலைக் கரையில் காயத்துடன் அகப்பட்ட மலைப்பாம்புக் குட்டி "தெய்வாதீனமாக உயிர் தப்பியது" என்று எழுதியது. அதைக் காப்பாற்றிய மாக்கிறட்டின் பெயர் அதில் ஓரிடத்திலேனும் இல்லை. என் முறைப்பாடு இதுவே.

புயல் வெள்ளம் காட்டிலிருந்து அடித்துவந்த அந்தக் குட்டி, மாக்கிறட்டின் கணவர் நீக்கிலாசின் வலையில் சிக்கித் தோல் கிழிந்து கிடந்தது. அடிக்கத் தடியெடுத்தவர்களை விலக்கிவிட்டு, மீன் வியாபாரியான மாக்கிறட் வனசீவராசி உத்தியோகத்தர் சரிபுதீனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பாதை முழுக்க வெள்ளம், அக்கா. வத்தினாப் பிறகுதான் வரலாம். அதுவரைக்கும் சூடா வைச்சிருங்கோ. குளிர் பிடிச்சா காயம் ஆறாது, செத்துப்போம்."

"உயிரோட தருவன், தம்பி. நீங்கள் வாங்கோ."

வாக்குக் கொடுத்தாயிற்று. மின்சாரமோ முதல் நாளே போய்விட்டது. மழையும் வாடைக் காற்றும் வீட்டை விறைக்கச் செய்தன. மாக்கிறட் மீனுக்கு ஐஸ் போடும், வெள்ளை நுரையாலான றெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவித் துடைத்து, மூடியில் காற்றுத் துளைகள் இட்டார்.

"ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சு விறைக்கப் பண்ணப் போறியோ?" என்றார் நீக்கிலாஸ்.

"பெட்டி குளிரை உண்டாக்கிறேல்லை. வைச்சதைக் காக்கும். ஐஸ் வைச்சா ஐஸ், சூடு வைச்சா சூடு."

வீட்டுக் கோடியில் நீக்கிலாசின் வெற்றுச் சாராயப் போத்தல்கள் குவிந்திருந்தன. மாக்கிறட் அவற்றில் வெந்நீர் நிறைத்து, பழைய சாரத் துணித் துண்டுகளால் சுற்றி, பெட்டியின் நான்கு பக்கமும் நிறுத்தினார். சூடு கூடக்கூட நல்லது என்பது அவர் எண்ணம். அங்கேதான் பிழை விட்டார். சிறிது நேரத்தில் குட்டி மூக்கால் மூடியை முட்டத் தொடங்கியது.

நீக்கிலாஸ் எட்டிப் பார்த்தார். "திருநாள் பூசையில சனம் நெருக்கினா நீயே கதவடிக்கு ஓடிறனி. அதுக்குக் கதவு எங்க?"

மாக்கிறட்டுக்குச் சுருக்கென்றது. போத்தல்கள் அனைத்தையும் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கி, மறுபக்கத்தை வெறுமையாக விட்டார். குட்டி குளிர்ந்த மூலைக்கு விரைந்தது. அன்று மாலையே தானாக ஊர்ந்து வந்து போத்தலோரம் சுருண்டது. வேண்டிய இடத்தை அதுவே தேடிக்கொள்ளும் என்பதை மாக்கிறட் கண்டுகொண்டார். வெப்பமானி வாங்கக் கடையும் இல்லை, காசும் இல்லை. காய்ச்சல் பார்க்கும் கருவியோ முப்பத்தைந்து பாகைக்குக் கீழே எதையும் காட்டாது. அதையே அவர் பெட்டிக்குள் காவலுக்கு வைத்தார். அது எண்ணொன்று காட்டினால் சூடு மிஞ்சிவிட்டது; உடனே ஒரு போத்தலை வெளியே எடுத்துவிடுவார்.

மழை விடவில்லை; விறகு நனைந்தது. மாக்கிறட் கருவாடு காயவைக்கும் பந்தலின் கீழே உலர்ந்திருந்த தடிகளை முறித்து அடுப்பில் வைத்தார். மாக்கிறட் பூசை கண்டு திரும்பியபோது, "இப்பதான் தண்ணி மாத்தினனான். திறந்து சூட்டை விட்டிடாதை," என்று நீக்கிலாஸ் அதட்டினார்.

வெள்ளம் வற்றியதும் சரிபுதீன் வந்தார். மூடியைத் திறந்தார். குட்டி தலை தூக்கி நாக்கை நீட்டியது. காயத்தின் வாய் மூடியிருந்தது.

"கரண்ட் இல்லாம எப்படி, அக்கா? ஹீற்றர் எங்க?"

மாக்கிறட் போத்தல்களைக் காட்டினார்.

"எல்லாம் நான் குடிச்சு முடிச்சுக் குடுத்தது," என்றார் நீக்கிலாஸ்.

சரிபுதீன் சிரித்துக்கொண்டே பெட்டியை அப்படியே வாகனத்தில் ஏற்றினார். போத்தல்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வாகனம் திரும்பி மறையும்வரை மாக்கிறட் வாசல் படலையடியில் நிமிர்ந்து நின்றார். சொன்ன சொல் நின்றது.

செய்தித்தாளை நான் வாசித்துக் காட்டியபோது அவர் சினக்கவில்லை. "ஆண்டவர் காப்பாத்தினவர் எண்டு எழுதட்டும். தண்ணி கொதிக்க வைச்சது நான்," என்றார்.

வாசகரே, அந்தச் செய்தித்தாள் உம்மிடமும் இருக்கக்கூடும். அதை எடும். "தெய்வாதீனமாக" என்பதை அடித்துவிட்டு, "மாக்கிறட்டின் கையால்" என்று எழுதும். பென்சிலால் அல்ல, மையினால்.