ஈரத் தட்டுகள்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகக் கருவித் தட்டு ஈரமாக மேலே வந்தது. நோயாளியை மேசையில் படுக்க வைத்தாயிற்று. ஆபரேஷன் தியேட்டரின் மூத்த நர்ஸ் துணிச்சுற்றைப் பிரித்தாள், உள்மடிப்பில் நீர்த்துளிகள். ஈரம் பட்ட கருவியை உடம்பில் வைக்கக் கூடாது. வேறு தட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும். டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போனார்.

அவள் புகார் நோட்டை எடுத்தாள். தேதி, நேரம், தட்டின் எண். கடைசியில் 'கீழ்த்தளத்தின் அலட்சியம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். தட்டோடு வந்த சீட்டில் இருந்தது அவளுடைய நாத்தனாரின் கையெழுத்து. கருவிகளைக் கழுவி, நீராவி இயந்திரத்தில் வைத்துக் கிருமி நீக்கி மேலே அனுப்பும் கீழ்த்தளத்தில் நாத்தனாருக்கு ஆறு வருட வேலை.

நோட்டைப் புரட்டிய கண்காணிப்பாளர் அம்மா, "இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும். மெமோ கொடுத்து அவள வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடறேன்," என்றார்.

அன்று வீட்டுக்கு வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள்.

"என்ன, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திக்கிட்டிருக்க?" என்றான் கணவன்.

"எல்லாம் உங்க தங்கச்சியாலதான்."

அவன் விஷயத்தை முழுதாகக் கேட்டான். "நீ எழுதினதுல ஏதாவது பொய் இருக்கா?"

"ஒரு எழுத்துகூட இல்ல."

"அப்ப உக்காரு."

உட்கார முடியவில்லை.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. ஆனாலும் ஒன்பது மணிக்குக் கீழ்த்தளத்தில் நின்றாள். உதவி செய்யும் எண்ணம் துளியும் இல்லை. நாத்தனாரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே அனல் முகத்தில் அடித்தது. இரண்டு கழுவுதொட்டிகள், மூன்று பெண்கள், ஓயாமல் சீறும் ஒரு நீராவி இயந்திரம். இன்னொரு இயந்திரம் பழுதாகி மூலையில் கிடந்தது. சுவரில் அவள் எழுதிய புகார்களின் நகல்கள் வரிசையாக ஒட்டியிருந்தன.

"கண்காணிப்பாளர் மேடம் ஒட்டச் சொன்னாங்க," என்றாள் நாத்தனார், தலை நிமிராமலே. "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு அண்ணி. படிக்கும்போதுதான் வேலை போயிடும்னு தோணுது. இன்னைக்கும் நோட்டு கொண்டு வந்திருக்கீங்களா?"

அவள் கைப்பையில் பேனா இருந்தது. பையை இறுக மூடிக்கொண்டாள்.

மேலேயிருந்து தள்ளுவண்டி வந்தது. கத்தரிகளும் இடுக்கிகளும் மொத்தமாகக் கொட்டிக் கிடந்தன. மூட்டுகளில் இரத்தம் காய்ந்து கல்லாகியிருந்தது. வண்டியின் எண்ணைப் பார்த்ததுமே அது தன் தியேட்டர் வண்டி என்று அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கத்தரியையும் ஊறவைத்து, விரித்து, சின்னத் தூரிகையால் தேய்க்க வேண்டும். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு ஒரு தூரிகையை எடுத்தாள். பதினைந்து நிமிடத்தில் நான்கு கருவிகள்தான் முடிந்தன. முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

போன் அடித்தது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவள் அவள்தான்.

"தட்டு எங்க?" மறுமுனையில் அவளுக்குக் கீழே வேலை செய்யும் சின்ன நர்ஸ் கத்தினாள். "ரெண்டு நிமிஷத்துல வரலைன்னா எங்க அக்கா நோட்டுல எழுதிடுவாங்க, பாத்துக்குங்க!"

"அக்காதான் பேசறேன்."

மறுமுனை பட்டென்று துண்டித்தது.

அவள் போனை வைப்பதற்குள் நாத்தனார் இயந்திரத்தின் கதவைத் திறக்கப் போனாள்.

"இரு, இன்னும் காயலியே?"

"காயணும்னா அரை மணி நேரம் வேணும். நீங்க விடறீங்களா? போன் மேல போன். எடுத்துக் கொடுத்தா ஈரம்கிறீங்க, கொடுக்கலைன்னா தாமதம்கிறீங்க. நான் எந்தப் பக்கம்தான் சாகறது?"

"அத நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட? நீங்க என்கிட்ட பேசறதே நோட்டுலதானே!"

அவளுக்குச் சுருக்கென்றது. சண்டைக்கு வார்த்தைகள் நாக்கு நுனியில்தான் இருந்தன. ஆனால் கையில் பாதி தேய்த்த கத்தரி. அதைத் தேய்த்து முடித்தாள்.

பிறகு கேட்டாள்: "நாளைக்கு என்னென்ன ஆபரேஷன்னு முதல் நாளே தெரிஞ்சா உனக்கு உதவுமா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" நாத்தனார் திகைத்துப் போனாள். "எங்களுக்கு வண்டி வந்தாதானே தெரியும்!"

அந்தப் பட்டியல் தினமும் நான்கு மணிக்கே தியேட்டர் சுவரில் தொங்கும். ஒரே கட்டடம், மூன்று மாடி இடைவெளி. ஆறு வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. தனக்குத் தோன்றாததுதான் அவளை அதிகம் குடைந்தது.

மறுநாளிலிருந்து பட்டியலின் நகல் கீழே போனது; தட்டுகள் முந்தைய மாலையே தயாராகி நிதானமாகக் காய்ந்தன. இரத்தம் காயும் முன்பே கருவிகளைத் துடைத்து, ஈரத்துணி போர்த்தி அனுப்பச் சொன்னாள். "நம்ம தலையில எதுக்குக்கா இந்த வேலை?" என்று சின்ன நர்ஸ் முணுமுணுத்தாள். மூத்த நர்ஸே முதல் வண்டியின் கருவிகளைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை கண்காணிப்பாளர் அம்மா நோட்டைத் திறந்தார். 'அவசரப்படுத்தியது நாங்கள். இனி இப்படிச் செய்கிறோம்' என்று ஒரு பக்கம், கீழே அவளும் நாத்தனாரும் போட்ட இரண்டு கையெழுத்துகள்.

"இது புகார் நோட்டு. இதுல போய் யோசனை எழுதுவாங்களா?" என்று கடிந்துகொண்டார். ஆனால் மெமோ அடிக்கவில்லை.

பத்து நாள் தட்டுகள் காய்ந்து வந்தன. பதினோராம் நாள் மீண்டும் ஈரம். அவள் கை தானாக நோட்டுக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"முழுசா அரை மணி நேரம் விட்டேன் அண்ணி, சத்தியமா. மெஷின் கதவு ரப்பர் தேஞ்சிருக்குன்னு நினைக்கிறேன். பழுது பாக்கறவங்க என் பேச்சக் காதுலயே வாங்கல."

"அங்கேயே இரு. வரேன்."

இருவரும் பழுதுபார்க்கும் பிரிவின் வாசலில் போய் நின்றார்கள். மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். நாத்தனார் உட்கார்ந்துகொண்டு பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்காரவில்லை, வாசலுக்கும் படிக்கும் நடந்தாள். சிறிது நேரத்தில் நாத்தனாரும் எழுந்து கூடவே நடந்தாள்.

ஏப்பம் விட்டபடி வந்த மெக்கானிக் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரா வந்துட்டீங்களா?" என்று பெருமூச்சு விட்டுக் கருவிப்பெட்டியைத் தூக்கினார்.