காதோரம் ஒரு கீறல்

ஞாயிறு காலையில் அம்மா குட்டியை அத்தை வீட்டிலிருந்து அழைத்துக்கொள்ளலாம். பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விட வேண்டும். வழக்கு முடியும்வரை நீதிமன்றம் செய்த ஏற்பாடு இது. அனுப்பும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை, அத்தையின் கணவர் குட்டியைப் போனில் படம் எடுத்துக்கொள்வார். முன்பக்கம், பின்பக்கம், கை, கால். இரவல் கொடுத்த பாத்திரத்தில் நசுங்கல் தேடுவது போல.

கணவன் இறந்த கையோடு அம்மா படுக்கையில் விழுந்தாள். அப்போது குட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் நாத்தனார், குட்டியின் அத்தை. "மொதல்ல உங்க ஒடம்பு தேறட்டும் அண்ணி. நான் பாத்துக்கிறேன்." உடம்பு தேறியது. பிள்ளை திரும்பவில்லை.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் விசாரணை. நீதிபதி குட்டியோடு தனியாகப் பேசுவார். "இன்னைக்கு ஒரு நாள் வாயையும் கையையும் கட்டிட்டு இருங்க," என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள். "துரும்பு கெடச்சாப் போதும், தூணாக்கிடுவாங்க."

வாயைக் கட்டலாம். கை வேறு. அவள் பார்லரில் முடி வெட்டுகிறவள். பேருந்தில் முன்னால் இருப்பவரின் பின்கழுத்தைப் பார்த்தாலே விரல் துறுதுறுக்கும். சாப்பிடும்போது குட்டி, கண்ணில் விழுந்த முடியை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தாள். கை கழுவியதும் அம்மா கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். யோசித்து எடுக்கவில்லை.

"அம்மா, நான் பெரிய கஸ்டமர். மரியாதையாப் பேசணும்."

"சரிங்க மேடம். எப்படி வெட்டணும்?"

"கண்ணு தெரியிற மாதிரி."

"ஆடாம ஒக்காருங்க மேடம். ஆடினா மொட்டைதான்."

"மொட்டைக்குக் காசு தர மாட்டேன்!"

நெற்றி முடி சீராயிற்று. அதோடு விட்டிருக்கலாம். காதை மூடி ஒரு கற்றை மட்டும் நீண்டு தொங்கியது. அதை வெட்டிக் குறைத்தாள். விளிம்பை நேராக்கக் கத்தரியை மறுபடி வைத்தபோது வாசலில் ஒரு பைக் உறுமி அடங்கியது. நாத்தனார் கணவரின் பைக் போலவே சத்தம். சோதிக்க இங்கேயே வந்துவிட்டாரா?

குட்டி ஆடவில்லை. அவள் கைதான் ஆடியது.

காதின் விளிம்பில் ரத்தம் முத்தாகத் துளிர்த்தது. பைக் பக்கத்து வீட்டுக்கு வந்தது. எத்தனையோ தலைகள் பார்த்த கை. ஒரு காதைக்கூட அது கீறியதில்லை.

"வலிக்குதா?"

"இல்லம்மா." குட்டியின் கண் நிறைந்திருந்தது.

பஞ்சு வைத்து அழுத்தியதில் ரத்தம் நின்றது. கீறல் மட்டும் அப்படியே இருந்தது. முடியை இழுத்து மூடலாம் என்று சீப்பை எடுத்தாள். மூட வேண்டிய முடி தரையில் கிடந்தது.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில், எதிர்த்திசையில் போகும் வண்டி முதலில் வந்தது. கதவு திறந்தது. அவள் குட்டியின் கையை இறுகப் பிடித்தாள். ஏறினால் இந்த ஊரை விட்டே போய்விடலாம். ஏறினால் அதற்குப் பெயர் கடத்தல். வண்டி போய்விட்டது.

"அத்தை திட்டுவாங்களா?" என்றாள் குட்டி.

"உன்ன எதுக்குத் திட்டப்போறாங்க?"

"என்னை இல்ல. உன்னை."

நாத்தனார் வீட்டு வாசலில் அவள் கணவர் போனோடு நின்றார். "திரும்புடா செல்லம்." குட்டி திரும்பினாள். போன் காதருகே வந்து நின்றது.

"இங்க வந்து இதப் பாரு," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

நாத்தனார் காதைத் தொட்டுப் பார்த்தாள். முகம் வெளிறியது. "என்ன அண்ணி இது?"

அவள் வாய் திறப்பதற்குள் குட்டி முந்திக்கொண்டாள். "நான்தான் அத்தை. கத்தரிக்கோல எடுத்து வெளையாடினேன். அம்மா தூங்கிட்டிருந்தாங்க." வாய்ப்பாடு ஒப்பிப்பது போல, ஒரு திக்கல் இல்லை.

"தூங்கிட்டிருந்தாங்களா?" கணவரின் குரல் மெத்தென்று இருந்தது. போன் இன்னும் கையில் உயர்ந்தே இருந்தது, எல்லாவற்றையும் பதிவு செய்தபடி. "கத்தரிக்கோல் பிள்ளை கைக்கு எட்டுற எடத்துல?"

அம்மாவைக் காப்பாற்றச் சொன்ன பொய் அம்மாவின் கழுத்தில் சுருக்காக விழுந்தது.

"இல்ல தம்பி. நான்தான் வெட்டினேன். கை நழுவிடுச்சு."

"அப்போ பொய் சொல்லச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"சத்தியமா இல்ல."

"குட்டி, யாரு சொல்லச் சொன்னது? மாமாகிட்டச் சொல்லு. பயப்படாத."

குட்டி மாமாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். எதைச் சொன்னால் யார் தப்பிப்பார்கள் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கவுன் நனைந்தது. காலோடு வழிந்து படியில் தேங்கியது.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். நாத்தனார் பக்கத்தில் இருந்தாள். ஈரத்தைப் பாராமல் வாரித் தூக்கினாள். குட்டி அவள் கழுத்தைக் கட்டி, தோளில் முகம் புதைத்தாள். தினமும் புதைக்கிற முகம். அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"அந்தக் கருமத்த அணைச்சுத் தொலைங்க!" நாத்தனார் கணவரைப் பார்த்துக் கத்தினாள். போன் இறங்கியது.

"நாளைக்கு இத கோர்ட்டுல..." என்று அம்மா தொடங்கினாள்.

"போங்க அண்ணி. கும்பிட்டுக் கேக்கிறேன், போங்க."

கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பதிவை அழிப்பார்களா, நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் காட்டுவார்களா, தெரியவில்லை. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குட்டி அழுவாள் என்று அம்மா படியிலேயே நின்றாள். அழுகை வரவில்லை. அத்தை ஏதோ சொன்னாள். குட்டி சிரித்தாள்.

நாளை நீதிபதி கேட்கும்போது குட்டி யாரைக் காப்பாற்றப் பார்ப்பாளோ. எதைச் சொல்லி.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.