ரெண்டு கம்பியை மாற்று

பாறைக்காடு எஸ்டேட் ஃபேக்டரியின் எலக்ட்ரீஷியன் முத்துவேலுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேதம்தான்: எந்த மிஷின் மக்கர் பண்ணினாலும் ரெண்டு கம்பியை மாற்று. சும்மா சொல்லக் கூடாது, இருபத்திரண்டு வருஷம் அந்த வேதம் அவனைக் காப்பாற்றியிருக்கிறது. ஃபேக்டரிக்கு வருவது மூன்று கம்பிக் கரண்ட். சிவப்பு, மஞ்சள், நீலம். கொழுந்தைக் கசக்கும் ரோலர் எதிர்ப்பக்கம் சுற்றினால், மூன்றில் ஏதாவது இரண்டை இடம் மாற்றி முடுக்கினால் போதும், நல்ல பிள்ளையாகச் சுற்றும்.

ஆனால் ரோலர் சுற்றி ஐந்து மாசமாகிவிட்டது. தேயிலை விலை படுத்தது படுத்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டார்கள். வரிசை வீடுகளில் இருந்த லயத்துச் சனம் விடிகாலையில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு கேரட் கழுவப் போனது. ஆடிக்காற்றில் ஃபேக்டரிக்குக் கரண்ட் கொண்டுவரும் கம்பம் சாய்ந்தது. அதை நட்டுக் கம்பியிழுத்தபோதுகூட யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முத்துவேல் மட்டும் வாரம் ஒரு நாள் பின்பக்க ஜன்னல் வழியே உள்ளே இறங்கி, ரோலர்களுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வருவான். அவன் பெண்டாட்டி காத்தாயிக்கு அதில்தான் பற்றிக்கொண்டு வரும்.

"சம்பளமில்லாத மிஷினுக்கு எண்ணெய் குளியலு. ஊட்டுல தாளிக்க எண்ணெயில்ல!" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து முதலாளி வருகிறார் என்று செய்தி. ஃபேக்டரியைத் திறப்பதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்று அன்றைக்கே முடிவு பண்ணப்போகிறாராம். லயத்தில் அத்தனை அடுப்பும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தது. காலையில் பங்களாவிலிருந்து முத்துவேலுக்கு ஆள் வந்ததும் காத்தாயி அவசரமாகச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"பெரட்டுக்குப் பேரு எழுதத்தான் கூப்புடுறாங்களோ என்னமோ. போங்க, வெரசாப் போங்க!"

கூப்பிட்டது, காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பேர் எழுத அல்ல. மானேஜர் விஜயன் கூடத்தின் நடுவே ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார். பக்கத்தில் டி.வி., டி.வி.டி. பிளேயர், ஐந்து குட்டி ஸ்பீக்கர், முக்காலி உயரத்துக்கு ஊஃபர் என்று ஒரு பெரிய ஸ்பீக்கர்.

"முத்துவேலு, ஹோம் தியேட்டர். மொதலாளி சாயங்காலம் படம் பாக்கணும். சத்தம் நாலாப் பக்கமும் வரணும். உனக்குத் தெரியுமில்ல?"

"ரோலரையே ஓட்டுனவனுக்கு இது என்னாங்க தொரை" என்றான் முத்துவேல். வாய்தான்! ஜென்மத்தில் அவன் அப்படி ஒரு பெட்டியைப் பார்த்ததில்லை.

மானேஜர் குளிக்கப் போனார். முத்துவேல் உட்கார்ந்து வயரைப் பிரித்தான். சிவப்பு, மஞ்சள், வெள்ளை. மூன்று! அவனுக்கு உயிர் வந்தது. அட, நம்ம ஆளுதான். நீலத்துக்குப் பஞ்சம் போல, வெள்ளையைப் போட்டிருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நிறத்துக்கு நிறம் செருகி ஸ்விட்சைத் தட்டினான். பெட்டி கம்மென்று கிடந்தது. அவ்வளவுதானே, வேதம் இருக்கிறதே! சிவப்பைப் பிடுங்கி மஞ்சள் இடத்தில் போட்டான். மஞ்சளைச் சிவப்பு இடத்தில் போட்டான். அப்போதும் கம்மென்றுதான் கிடந்தது.

பங்களா சமையல்காரி பாலாமணி காபியோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"அண்ணே, முன்னாடி ஒரு திருகு இருக்கு பாருங்க. ரேடியோவுலயில்ல நிக்குது? டி.வி.டி.க்குத் திருப்புங்க."

திருப்பினான். அவ்வளவுதான். ர்ர்ரூம்ம்ம் என்று ஒரு உறுமல். தரை அதிர்ந்தது, அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. பாலாமணி காபியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். சரிவில் கீழே தெரியும் ஃபேக்டரியை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே! ரோலர் ஓடுதா?"

முத்துவேலுக்கும் மயிர்க்கால் குத்திட்டு நின்றது. படம் போக வேண்டிய கம்பி சத்தத்துக்குள் போய்க் கத்துகிறது, வேறொன்றுமில்லை. ஆனால் அந்த உறுமல் இருக்கிறதே, ஆறு ரோலரும் ஒன்றாகக் கிளம்பும் அதே உறுமல். ஐந்து மாசமாகக் கனவில் மட்டும் கேட்ட சத்தம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

சட்டென்று அணைத்தான். கம்பிகளைப் பழையபடி நிறத்துக்கு நிறம் செருகிப் போட்டுப் பார்த்தால் படம் பளிச்சென்று ஓடியது. சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்துகூட வந்தது.

"இந்தப் பொட்டி யாரு குடுத்தது தெரியுமாண்ணே?" பாலாமணி குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் பழைய இரும்பு யாவாரி வந்தாரில்ல, அவரு நம்ம தொரைக்குக் குடுத்த அன்பளிப்பு. ஃபேக்டரி மிஷினெல்லாம் அவருக்குப் பேசி முடிச்சாச்சாம். மொதலாளி தலையாட்டணும், அவ்வளவுதான்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். முத்துவேல் காபியைக் குடிக்கவேயில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு முதலாளி வந்து சோபாவில் உட்கார்ந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் மலைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவருக்கு மானேஜர்தான் கண்ணும் காதும். முத்துவேல் கையைக் கட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

"ஏனுங்க விஜயன், நம்ம ஃபேக்டரிய மறுபடி ஓட்டிப் பாத்தா என்னுங்க?"

"எங்கீங்க ஓட்டறது? ஆளே இல்லீங்க. லயத்துல அத்தனை பேரும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க. கெழடு கட்டைக நாலு பேரு கெடக்குதுங்க. மிஷினும் துருப்பிடிச்சுப் போச்சுங்க. வித்துட்டா நிம்மதி."

அடப்பாவி! முத்துவேலுக்கு நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் தொரை பேச்சுக்குத் தொழிலாளி எதிர்ப்பேச்சு பேசினால் யார் நம்புவது? ட்ரேயோடு நின்ற பாலாமணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"சரி முத்துவேலு, படத்தைப் போடு" என்றார் மானேஜர்.

"இதோங்க தொரை."

பெட்டிக்குப் பின்னால் குனிந்தான். ரெண்டு கம்பியை மாற்றினான். சத்தத் திருகைக் கடைசி வரைக்கும் திருகினான்.

"கூடமெல்லாம் புழுக்கமா இருக்குதுங்க" என்று சொல்லி, அந்த மார்கழிக் குளிரில் ஜன்னல்களை விரியத் திறந்தாள் பாலாமணி.

ர்ர்ர்ரூம்ம்ம்ம்!

முதலாளியின் டீ கோப்பை தட்டில் குதித்தது. மானேஜர் காதைப் பொத்திக்கொண்டு, "நிறுத்துடா, நிறுத்து!" என்று கத்தினார். "கம்பி மாறிப்போச்சுங்க தொரை, ஒரு நிமிஷங்க!" என்று முத்துவேலும் கத்தினான். ஒரு நிமிஷம் இரண்டானது, இரண்டு ஐந்தானது. அவன் எந்தக் கம்பியைத் தொட்டாலும் அது வேண்டாத கம்பியாகவே இருந்தது, பாவம்.

முதலில் எதிர்ச்சரிவு லயத்தில் ஒரு கதவு திறந்தது. பிறகு பத்து. பிறகு அத்தனையும். பொம்பளைகள் ஈரத் தலையோடு, இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டியபடி, கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆம்பளைகள் கவாத்துக் கத்தியோடு வந்தார்கள். ஃபேக்டரி முன்னாலிருந்த பெரட்டுக்களத்தில், யாரும் சொல்லாமலே வரிசை நின்றது. எல்லாருக்கும் முன்னால் காத்தாயி.

அவள் பூட்டைப் பிடித்து ஆட்டினாள். "பூட்டைத் தொறக்காம ரோலரை ஓட்டுற மனுசன் எங்க? பொண்டாட்டிகிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லாம ஓட்டுறானே!"

முதலாளி ஜன்னலோரம் வந்து நின்றார். வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார்.

"ஏனுங்க விஜயன்," என்றார், "திருப்பூர்லிருந்து இவ்வளவு வெரசா வந்துட்டாங்களா?"

மானேஜர் முகத்தில் ஈயாடவில்லை. முத்துவேல் மெல்லப் பெட்டியை அணைத்தான்.

முதலாளி கீழே இறங்கிப் போனார். பின்னாலேயே எல்லாரும் போனார்கள். பூட்டைத் திறக்கவைத்து உள்ளே போய், ரோலரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் துரு ஒட்டவில்லை, எண்ணெய் ஒட்டியது.

"ஓடுமாங்க?" என்று கேட்டார்.

"ஓடுமுங்கய்யா" என்றான் முத்துவேல். லீவரைத் தள்ளினான்.

ஓடியது. ஆனால் எதிர்ப்பக்கம் ஓடியது!

மானேஜர் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. "பாத்தீங்களா? நாந்தான் சொன்னேனில்லீங்க..."

முத்துவேல் சிரித்துவிட்டான். புதுக் கம்பத்தில் கம்பி மாறிப்போயிருக்கிறது, வேறென்ன? மெயினை இறக்கினான். சாவகாசமாக ஸ்பேனரை எடுத்தான். சிவப்பைக் கழற்றி மஞ்சள் இடத்தில் முடுக்கினான், மஞ்சளைச் சிவப்பு இடத்தில் முடுக்கினான். மெயினை ஏற்றி லீவரைத் தள்ளினான்.

ர்ர்ரூம்ம்ம்.

காத்தாயி மட்டும் முன்னால் வந்து, ரோலரின் இரும்பு உடம்பில் உள்ளங்கையை வைத்து, அது நிஜமாகவே அதிர்கிறதா என்று பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குப் பெரட்டு எத்தனை மணிக்குங்க?"

மானேஜர் வாயைத் திறந்தார். முதலாளி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏழு மணிக்குங்கம்மா" என்றார்.