பத்தாவது ஆள்

இந்தியாவிலும் சிலோனிலுமாகச் சேர்த்து ஆறு அணிகள், ஆடுகிறவனுக்கு மாதச் சம்பளம் என்று ஒரு கூடைப்பந்து லீக்கைத் தொடங்கப்போவதாகப் பட்டு வியாபாரி கோதண்டபாணி 1969 கோடையில் அறிவித்தார். கொழும்பில் அவருக்கு ஒரு கடை இருந்தது. அவர் பந்தைத் தொட்டதே இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பந்தயத்துக்குக் கூடிய கூட்டத்தை மட்டும் பார்த்திருந்தார், அது போதுமாயிருந்தது.

காஞ்சிபுரம் அணிக்கு ஒன்பது பேரை எடுத்தார். ஊரில் மிக நன்றாக ஆடிய இருவரை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்துக்கொண்டார். ஒருவன் சைக்கிள் கடை சனாவுல்லா. நிலைப்படியில் குனிந்துதான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவான். இன்னொருவன் திருப்புட்குழி ஆதிகேசவன். பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் ஒன்றாக ஆடியவர்கள்.

"இடம் ஒண்ணுதான் இருக்குது. தொடக்க விழாவுல ரெண்டு பேரும் ஒத்தைக்கு ஒத்தை ஆடுங்க. முதல்ல ஏழு கூடை போடறவன் என் ஆளு" என்றார்.

போன வருஷம் வேலூரில் விழுந்து சனாவுல்லாவின் இடது முட்டி பிசகியிருந்தது. அவனைத் தோளில் தூக்கி வந்து, தினமும் எண்ணெய் தேய்த்து நடக்க வைத்தவன் ஆதிகேசவன்தான். அந்த முட்டி இன்னும் முழுதாகச் சரியாகவில்லை என்பது ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

விழா அன்று மைதானம் நிரம்பி வழிந்தது. ஆளுக்கு ஆறு கூடை ஆயிற்று. சனாவுல்லா பந்தோடு எம்பப் போனான். ஆதிகேசவன் பந்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே புகுந்து, தரையில் ஊன்றியிருந்த இடது காலின் அந்த முட்டியைத் தன் முழங்காலால் பக்கவாட்டில் இடித்தான். எலும்பு பிசகிய சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். கோதண்டபாணி கையமர்த்தினார். உருண்டோடிய பந்தை எடுத்து, தரையில் துடிப்பவனைச் சுற்றிக்கொண்டு போய், ஆதிகேசவன் நிதானமாக ஏழாவதைப் போட்டான்.

"பாத்தீங்களா?" என்று மைக்கில் கத்தினார் கோதண்டபாணி. "டிக்கெட் வாங்கிப் பாக்கற ஆட்டம்னா இப்படித்தான் இருக்கும்!"

கூட்டம் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கைதட்டியது.

ஆதிகேசவன் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. கோதண்டபாணி வந்தார், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. "உன் உசரம் வீணாப் போகக் கூடாதுபா. மேட்ச் அன்னிக்கு வாசல்ல நில்லு. தலப்பா நான் தரேன்."

சனாவுல்லாவின் மனைவி ஜோஹரா அந்தச் சிவப்புத் தலைப்பாகையைக் கண்டதும் மூலையில் வீசினாள். "இத கட்டிக்கினு அவன் முன்னாடி போய் நிக்கணுமா?"

"சைக்கிள் வேலைக்குக் குந்த முடியல, ஜோஹரா. நிக்க மட்டும்தான் முடியுது."

தலைப்பாகையை எடுத்து அவளே தூசி தட்டினாள்.

கொழும்பு அணி படகிலும் ரயிலிலுமாக வந்து சேர்ந்தது. முதல் ஆட்டத்தன்று மாலை, வந்தவர்களுக்கு வாசலில் மாலை போட்ட கோதண்டபாணி, சனாவுல்லாவின் தோளைத் தட்டினார். "வாசல்காரனே இந்த உசரம்னா, உள்ள ஆடறவன் எப்படி இருப்பான்னு பாத்துக்குங்க!" விருந்தாளிகள் சிரித்தார்கள். அவர் சொல்லிக்கொடுத்தபடி சனாவுல்லா சலாம் வைத்தான்.

கடைசியாக, புது வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஆதிகேசவன் வந்தான். கடந்து போனவன் திரும்பி வந்தான்.

"என் இடத்துல நீ இருந்திருந்தா, நீயும் அதத்தான்டா செஞ்சிருப்ப."

சனாவுல்லா யோசித்தான். பொய் சொல்ல விருப்பமில்லை.

"செஞ்சிருப்பேன்" என்றான். "ஆனா இப்படி வந்து, என் வாயால நியாயம் வாங்கிக்கினு போக நின்னிருக்க மாட்டேன்."

ஆதிகேசவனின் முகம் சுருங்கியது. பிறகு சட்டைப்பையிலிருந்து சில்லறையை எடுத்து, வாசல்காரனுக்குக் கொடுப்பதுபோல அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினான். வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காசை எறிய சனாவுல்லாவின் கை எழுந்தது. அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "யோவ், வழிய விடுபா" என்றார். அவன் நகர்ந்து, கதவைத் திறந்து பிடித்தான்.