இடது பக்கம் சத்தம் கம்மி

என் அக்கா புருஷனுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் அமைவதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. வாங்குவது அவர், மாடிப்படியில் சுமப்பது நான். முதலில் வாங்கியதை, "இடது பக்கம் சத்தம் கம்மி மாப்ள," என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்ததற்கும் அதே குறை. மூன்றாவதற்கும் அதே பல்லவி. இருப்பதோ சின்ன ஹால், ஸ்பீக்கர் இரண்டும் அலமாரிக்குள் அடங்கிவிடும். அதற்குப் போய், மைதானத்துக்கே போதும் என்கிற பவரில் ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தார்.

இதற்குள் அக்கா அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

"அந்த மனுஷன்கிட்ட பேசுறதும் ஒண்ணு, செவுத்துகிட்ட பேசுறதும் ஒண்ணு. பக்கத்துல உக்காந்து கேட்டாக்கூட பதில் வராது. பாட்டு மட்டும் துல்லியமா கேக்கணுமாம்," என்று என்னிடம் அழுதாள். துணிமணியோடு என் வீட்டுக்கே வந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டாள். எனக்கு மச்சான்மேல் பற்றிக்கொண்டு வந்தது. எதுவானாலும் இன்றோடு முடியட்டும் என்று இருவரையும் அவர் வாங்கித் திருப்பித் தருகிற அதே கடைக்கு இழுத்துப்போனேன்.

பாட்டைக் கேட்டுப் பார்க்கிற அறையில் மச்சான் ஸ்பீக்கர்களுக்கு எதிரே உட்கார்ந்தார். அக்கா வழக்கம்போல அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய ஆம்ப்ளிஃபயரைப் போட்டார்.

"இதுலயும் இடது பக்கம் சரியில்லீங்க," என்றார் மச்சான்.

நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் முந்திக்கொண்டார். "நாற்காலியத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காருங்க சார்."

மச்சான் அப்படியே உட்கார்ந்து கேட்டார். அவர் குறை சொன்ன இடது ஸ்பீக்கர் பெட்டி இப்போது அவருடைய வலது காதுப் பக்கம்.

"இப்ப அந்தப் பெட்டி நல்லா இருக்கே. இந்தப் பக்கம்தான்..." என்று இடது காதருகே கையைக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மச்சானின் முகம் சுண்டிப்போனது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வந்த நான் அவர் தோளில் கை வைத்தேன். பாவம், மனுஷன் தன் காதை விட்டுவிட்டு மெஷின் மெஷினாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க சார்," என்றார் கடைக்காரர் மெதுவாக. "உங்க ஸ்பீக்கருக்கு இவ்வளவு பவர் தேவையே இல்ல. ரெண்டு பக்கப் பாட்டையும் ஒண்ணாக் கலந்து கொடுக்கிற பட்டன் இருந்தாப் போதும். ஒத்தக் காதுலயே முழுப் பாட்டும் கேக்கும். நீங்க முதல்ல வாங்கினதுல அது இருந்துச்சு."

முதலில் வாங்கியதுதான் எல்லாவற்றிலும் கனம். இடுப்பு போனால் போகிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன்.

அக்கா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மச்சான் திரும்பி உட்கார்ந்ததில் அவள் இப்போது அவருக்கு வலப்பக்கம் ஆகியிருந்தாள்.

"ஏங்க," என்றாள், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

"என்னம்மா?" என்று உடனே திரும்பினார் மச்சான்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்," என்று சொல்லிவிட்டு அக்கா அழ ஆரம்பித்தாள்.