மாப்பிள்ளையின் பெயர் சுகந்தி

துர்க்காவின் முதல் கணவர் மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஐந்து முட்டைகள் இட்டார். புலம்பெயர்ந்து வந்து ரூஜில் அவளுடைய தெருவில் குடியேறியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் மாலைக்குள் செய்தி போய்விட்டது. பாம்பு முட்டையிட்டதை யாரும் அதிசயமாக எடுக்கவில்லை. பாம்பென்றால் இடும். ஆனால் ஐயரை வைத்து, ஊரைக் கூப்பிட்டு, வடை பாயசத்தோடு மாப்பிள்ளையாக்கிய பாம்பு முட்டையிட்டால் அந்தக் கலியாணம் கலியாணமா என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கலியாணம் முந்திய நவம்பரில் நடந்தது. அதற்குக் காரணம் தங்கம். யாழ்ப்பாணத்தார் வழக்கப்படி, கலியாணத்துக்குச் சில நாட்கள் முன்னதாக மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்துப் பொன்னுருக்குவார்கள். நகை செய்யும் பத்தர் எல்லாருக்கும் முன்னால் ஒரு தங்கக் காசை உருக்குவார், அந்தத் தங்கத்தில்தான் தாலி செய்வது. துர்க்காவுக்கென்று வைத்த காசு உருகுவதில்லை. முதல் தடவை மார்க்கம் நகரில், ஒரு பல் வைத்தியரின் வீட்டில், பத்தர் காஸ் நெருப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் குறட்டால் எடுத்துப் பார்த்தபோது காசு குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது. இரண்டாம் தடவை பிரம்ரனில், நல்ல ஜூலை மாத வெயிலில், மண்கிண்ணம் இரண்டாகப் பிளந்தது, காசின்மேல் உறைபனி படிந்தது. அதே காசுகள் மறுநாள் வேறு பெண்களுக்கு ஒழுங்காக உருகின. இரண்டு வீட்டாரும் மரியாதையாகத் தட்டுகளைத் திருப்பி அனுப்பிச் சம்பந்தத்தை முறித்தார்கள். அந்த மாப்பிள்ளைகள் வேறு இடத்தில் கட்டி நன்றாக இருக்கிறார்கள். பல் வைத்தியர் இன்றும் துர்க்காவின் பல்லைப் பார்க்கக் காசு வாங்குவதில்லை.

துர்க்கா இதற்காக மூலையில் இருந்து அழுதவள் அல்ல. வீடுகளுக்குச் சூடேற்றும் இயந்திரங்களைத் திருத்திக் கொடுக்கும் ஒரு கொம்பனியில் தொலைபேசிக்குப் பதில் சொல்வது அவள் வேலை. குளிரில் நடுங்குகிறவர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிக்கரிங்கிலிருந்து பிரவீனன் என்றொருவன் ஒரு ஜனவரி மத்தியானம் கூப்பிட்டான். அவனும் தாயும் மட்டும் இருக்கும் வீட்டில் சூடு நின்றுபோயிருந்தது. திருத்துகிறவர் பனியில் மாட்டிக்கொண்டு வந்து சேரும்வரை துர்க்கா போனை வைக்கவில்லை. எந்தத் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட வேண்டும், எந்த யன்னலுக்குப் போர்வை கட்ட வேண்டும் என்று சொல்லத் தொடங்கியவள், பிறகு அவனுக்கு மீன் பிடிக்குமா இறைச்சி பிடிக்குமா என்று கேட்கும் இடத்துக்கு வந்திருந்தாள். அவன் வீட்டில் சூடு திரும்பிய பிறகும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு முடியாமல் ஒன்றரை வருடம் போய், கலியாணப் பேச்சில் வந்து நின்றது.

பிரவீனனின் தாய் தவமலர் கணவனை இழந்தவர். கேக் செய்யும் தொழிற்சாலையில் பெட்டி அடைத்து ஒரே மகனைப் படிப்பித்தவர். அவர் புகுந்த வீட்டில் நாலு தலைமுறையாகப் பெண்பிள்ளை பிறந்ததில்லை. அதனால் ஒவ்வொரு கலியாணத்துக்கும் தோழியை வெளியில் இரவல் வாங்க வேண்டியிருந்தது. தோழி என்றால் மாப்பிள்ளையின் சகோதரி. கூறைச்சேலையைப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுப்பவளும், தாலி கட்டும் நேரத்தில் பெண்ணுக்குப் பின்னால் நின்று பின்னலை ஒதுக்கிப் பிடிப்பவளும் அவள்தான். தவமலரின் கலியாணத்தில் அந்த இரவல் தோழி தாலி கட்டும் நேரம் பந்தியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலைமயிர் தாலிக்கொடியில் சிக்கி இழுபட்ட நோவை அவர் முப்பத்தைந்து வருடமாக மறக்கவில்லை. இந்த வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று பெயரும் தேர்ந்து வைத்திருந்தார். பிறந்தது பிரவீனன். அந்தப் பெயர் அப்படியே கிடந்தது.

துர்க்காவைத் தவமலருக்குப் பிடித்திருந்தது. உருகாத தங்கத்தைத்தான் பிடிக்கவில்லை. மோர்னிங்சைட்டில் மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சாத்திரியார் சாதகத்தைப் பார்த்து, பெண்ணின் முதல் கணவன் பாம்பாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு தோஷம் நீங்கும் என்றார். துர்க்காவின் தாய் யோகராணி அன்று பின்னேரமே பிக்கரிங்கில் பாம்பு வளர்த்து விற்கும் ஜூலியனிடம் போனார். பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆபிரிக்க மலைப்பாம்பு ஒன்றை அவன் காட்டினான். ஆண்தானா என்று யோகராணி திரும்பத் திரும்பக் கேட்டார். ஜூலியன் வாலைத் தூக்கிப் பார்த்து, ஆண்தான் என்றான். அவனிடம் பாம்பு வாங்க வருகிறவர்கள் கடிக்குமா என்றுதான் கேட்பார்கள், குணம் எப்படி என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

கலியாணம் வரவேற்பறையில் நடந்தது. பாம்புக்குப் பொன் தேவையில்லை, மஞ்சள்துண்டு கோத்த கயிறு போதும் என்று ஐயர் சொல்லிவிட்டதால் பொன்னுருக்கல் இல்லை. பாம்பைத் துர்க்காவின் தோளில் வைத்தார்கள். ஐயர் அதன் சார்பில் கயிற்றைக் கட்டப் போனபோது பாம்பு மெதுவாகக் கழுத்துக்குப் பின்னால் நகர்ந்து, அவளுடைய பின்னலைத் தன் உடம்பால் தூக்கி ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தது. முடிச்சு இறுகியதும் விட்டது. வந்திருந்தவர்கள் மாப்பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று சிரித்தார்கள். தவமலர் மட்டும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் என்றால் பாம்பைப் புதர்ப் பற்றையில் விட்டிருப்பார்கள். நவம்பரில் ரூஜ் ஆற்றங்கரையில் விட்டால் விடிவதற்குள் விறைத்துவிடும். ஆகவே கணவர் துர்க்காவின் அறையிலேயே, கண்ணாடித் தொட்டியில், சூட்டு விளக்கின்கீழ் தங்கினார். பிரவீனன் சனிக்கிழமைகளில் உறைந்த எலி வாங்கிக்கொண்டு வருவான்.

"அண்ணைக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறன்," என்பான். "மனிசியை நல்லாப் பாக்கிறாரோ?"

"உங்களை விடத் திறம். சொன்னதை மறுத்துக் கதைக்கிறேல்லை," என்பாள் துர்க்கா.

ஜூனில் கலியாணம் என்று நாள் குறித்தார்கள். மண்டபம் பிடித்தார்கள். அப்போதுதான் முட்டைகள் வந்தன.

தவமலர் போனில் நீட்டிப் பேசவில்லை. "பொம்பிளைப் பாம்பைக் கட்டினது கணக்கில வராது, யோகராணி. தோஷம் அப்பிடியேதான் கிடக்கு. உந்தப் பாம்பைத் திருப்பிக் குடுத்திட்டு ஒரு ஆணா எடுங்கோ." சாத்திரியாரைக் கேட்டார்கள். சாத்திரத்தில் பாம்பு என்றுதான் இருக்கிறது, ஆண் பெண் என்று இல்லை என்று அவர் பக்கங்களைப் புரட்டினார். தவமலர் அதை ஏற்கவில்லை. ஜூலியன் மிகவும் வெட்கப்பட்டான். விற்பதற்கு முன் ஆண்களோடு ஒரே தொட்டியில் விட்டிருந்ததையும் ஒத்துக்கொண்டு, உடனே மாற்றித் தருவதாகச் சொன்னான்.

துர்க்காதான் மாட்டேன் என்றாள். பாம்பு முட்டைகளைச் சுற்றி இறுகப் படுத்திருந்தது. எதுவும் தின்னவில்லை. குளிரில் இருக்கிற ஒருவரையும் பாதியில் விட்டு அவள் போனை வைத்ததில்லை, இதையும் விட மாட்டாள். பிரவீனன் சாத்திரமும் வேண்டாம் தங்கமும் வேண்டாம், நகரசபையில் போய்ப் பதிவோம் என்றான்.

"காசு உருகாத வீட்டுக்கு நான் எப்பிடி வாறது, பிரவீன்? நாளைக்கு உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் உங்கட அம்மா என்ர முகத்தைத்தான் பாப்பா. நானும் கண்ணாடியில என்ர முகத்தைத்தான் பாப்பன்."

அவன் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வந்தும் வெளியே காருக்குள் இருந்துவிட்டுப் போனான். பாம்பைக் கொடுத்தால் துர்க்காவுக்குக் கலியாணம், கொடுக்காவிட்டால் இல்லை என்று தெருவே பேசிக்கொண்டது. அந்த வருடம் பனி ஏப்ரல்வரை நீடித்தது. எல்லாக் கூரைகளும் வெள்ளையாக இருந்தன, துர்க்காவின் வீட்டுக் கூரையில் மட்டும் விழுந்த பனி நிற்கவில்லை. அவளுடைய அறை யன்னலுக்குக் கீழே புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. பக்கத்து வீட்டுக் கரோலின் தன் தக்காளிக் கன்றுகளைக் கொண்டுவந்து அந்தச் சுவரோடு அடுக்கிவைத்தாள். வீட்டுக்குள் சூடேற்றும் இயந்திரம் வேலை செய்யாமலே நின்றது. துர்க்கா தொழில் தெரிந்தவள். திறந்து பார்த்துவிட்டு, பழுது ஒன்றும் இல்லை, தேவையில்லாததால் நிற்கிறது என்று மூடிவைத்தாள்.

மகனின் முகத்தைப் பார்க்க முடியாமல் தவமலர் ஒரு நாள் தலையணை உறையோடு வந்து இறங்கினார். பாம்பைத் தானே பிடித்துக்கொண்டுபோய் ஜூலியனிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, யோகராணியைத் தாண்டி மாடிக்கு ஏறினார். துர்க்கா தடுக்கவில்லை.

"எடுங்கோ அன்ரி. ஆனா முட்டையில இருந்து பிரிக்கிறதை நீங்கள்தான் பிரிக்க வேணும். எனக்கு ஏலாது."

தவமலர் தொட்டிக்குள் கையை விட்டார். பாம்பு சீறவில்லை. அதன் உடம்பு வெதுவெதுவென்று இருந்தது. மெலிந்து, முதுகெலும்பு வரியாகத் தெரிந்தது. அவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"எத்தினை நாளாச் சாப்பிடேல்லை?"

"முட்டை இட்டதில இருந்து. முட்டை காக்கிற பாம்பு சாப்பிடாதாம் எண்டு ஜூலியன் சொன்னவன்."

"அவன் ஆண் எண்டும்தான் சொன்னவன்," என்றார் தவமலர். தலையணை உறையைத் துர்க்காவின் கட்டிலில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி, யோகராணியின் குசினியில் மல்லி மிளகு உள்ளி எல்லாம் எங்கே என்று தேடத் தொடங்கினார். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக் கறியை வைத்தார். பாம்பு அதைத் தின்றது. மறுநாளும் வந்தார். பிக்கரிங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி, குட்டிகள் பொரிக்கும்வரை ஒவ்வொரு நாளும் வந்தார். ஒரு நாள் பாம்பின் தலையை விரலால் தடவிக்கொண்டிருந்தவர் சுகந்தி என்று கூப்பிட்டார். அது தலையை நிமிர்த்தியது. கிடப்பில் இருந்த அந்தப் பெயர் அதுதான்.

அன்றே யோகராணியையும் பிள்ளைகள் இருவரையும் இருத்திவைத்துத் தவமலர் தீர்ப்புச் சொன்னார். "நாங்கள் எல்லாரும் பிழையா விளங்கியிட்டம். தாலி கட்டேக்க எந்த மாப்பிள்ளை பொம்பிளையின்ர தலைமயிரை ஒதுக்கிப் பிடிக்கிறவன்? நான் அண்டைக்கே யோசிச்சனான். உவள் மாப்பிள்ளையா வரேல்லை. தோழியா வந்தவள். எங்கட வீட்டுப் பிள்ளை."

"அப்ப எனக்குத் தங்கச்சியோ?" என்றான் பிரவீனன்.

"அக்காவோ தங்கச்சியோ, உனக்கு மூத்தவள் மாதிரித்தான் நடக்கிறாள். நீ இனி அண்ணை கிண்ணை எண்டு நக்கலடிக்காதை."

"தோஷம் என்னண்டு போகும், தவமலர்?" என்று யோகராணி மெல்லக் கேட்டார்.

"தோஷமோ இல்லையோ எண்டு காசு சொல்லட்டும்."

மே மாதத்தில் ஐந்து குட்டிகள் பொரித்தன. ஜூலியன் வந்து அவற்றை வாங்கிக்கொண்டு போனான். ஆணா பெண்ணா என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

பொன்னுருக்கல் பிக்கரிங்கில், மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. வழக்கப்படி பெண் அங்கே போவதில்லை. துர்க்கா ரூஜில் வேலைக்குரிய ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, எந்த அழைப்பும் வராத ஒரு ஜூன் காலையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் சகோதரி போகலாம். சுகந்தியைத் தவமலர் பூக்கூடையில் வைத்துக் கொண்டுபோயிருந்தார். பத்தர் துர்க்காவின் இரண்டு காசுகளையும் கைவிட்ட அதே பத்தர். வரவே யோசித்து, கடைசியில் இரண்டு கிண்ணங்களோடு வந்தார். நெருப்பைப் பிடித்தார். காசு அப்படியே இருந்தது. மேலே மெல்லிய வெண்படலம் படியத் தொடங்கியது. யோகராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பத்தர் நெருப்பைக் குறைத்து நிமிர்ந்தபோது சுகந்தி கூடையிலிருந்து இறங்கி வந்தாள். பூத்தட்டைச் சுற்றி, குத்துவிளக்கைச் சுற்றி வந்து, முட்டைகளைச் சுற்றிப் படுத்தாளே, அதேபோல் கிண்ணத்தைச் சுற்றிப் படுத்துக்கொண்டாள். அவளைச் சுட்டுவிடும் என்று பத்தர் நெருப்பை அணைத்துவிட்டார். காசு உருகியது. முதலில் விளிம்பு மழுங்கி, பிறகு நடுவில் ஒரு துளியாகி, கிண்ணத்தின் அடியில் மஞ்சளாக ஆடியது.

பிரவீனன் போனை எடுத்துத் துர்க்காவின் கொம்பனி இலக்கத்துக்கு அடித்தான். "இஞ்ச வீடு முழுக்கச் சூடு," என்றான். "என்ன செய்யலாம்?"

துர்க்கா ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "யன்னலைத் திறவுங்கோ," என்றாள். "போனை வையாதேங்கோ."

கலியாணப் படங்களில், தாலி கட்டும் படத்தில், துர்க்காவின் தோளுக்குப் பின்னால் பின்னலை ஒதுக்கிப் பிடித்தபடி சுகந்தி இருக்கிறாள். படம் எடுத்த பையன் வெளிச்சம் சரியில்லையென்று இன்னொரு தரம் பிடிக்கச் சொன்னான், அவளும் பிடித்தாள். தோழிக்குரிய சேலையைப் பிரவீனன் வாங்கிக் கொடுத்தான். அதன்மேல்தான் அவள் இன்றும் படுக்கிறாள். பிக்கரிங்கில் அந்த வீட்டுக் கூரையில் பனி நிற்பதில்லை. அயலவர்கள் சூடு வெளியே போகாமல் தடுக்கும் பஞ்சைக் கூரைக்குள் சரியாக வைக்கவில்லை என்று ஒரு வருடம் சொன்னார்கள், பிறகு சொல்வதை விட்டார்கள். மூன்றாம் வருடம் துர்க்காவுக்குப் பெண் பிறந்தது, அந்த வீட்டில் ஐந்தாம் தலைமுறையில் வந்த முதல் பெண். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தை வரையச் சொன்னபோது அவள் அம்மா, அப்பா, அப்பம்மாவோடு நீளமாக ஒரு கோடு போட்டு, அது யாரென்று ரீச்சர் கேட்க, "ஷீ இஸ் மை மாமி" என்றாள். ஐந்தாவது பிறந்தநாளுக்கு அவளுக்கு ஒரு சின்னச் சங்கிலி செய்தார்கள். துர்க்கா அதைக் கழுத்தில் போடப் போனபோது சுருட்டைமயிர் சங்கிலியின் கொளுவியில் சிக்கியது. "மாமி," என்று பிள்ளை கூப்பிட்டாள். சுகந்தி வந்து மயிரை ஒதுக்கிப் பிடித்தாள், துர்க்கா கொளுவியைப் பூட்டினாள், பிறகு எல்லாரும் கேக் வெட்டப் போனார்கள்.